நிழல் போட்டு இடம் பிடித்த ஊர்

சேர்மத்துரை அண்ணாச்சியின் நிழல் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்த அன்று எங்கள் கூட்டுறவு நகரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் மறுநாள் தண்ணீர் வரும் நாள், தண்ணீர் வரும் நாளுக்கு முந்தைய சாயங்காலம் சூரியனே மேற்கில் இறங்காமல் அடம்பிடித்து நின்றிருந்தாலும் நாங்கள் குடங்களை விளக்கிக்கொண்டுதான் இருந்திருப்போம். கரிசல் காட்டுக்கு நடுவில், ஆட்டோக்காரர்கள் வரத் தயங்குகிற தூரத்தில், நாலு தெருவும் ஒரு பிள்ளையார் கோயிலும் ஒரு சிமெண்டுத் தொட்டியுமாகக் கிடக்கிற இடம் அது, பெயரில்தான் நகர். அந்த நாளிலும் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பது தொட்டிக்கே தெரியாது. அதனால் இடம் பிடிப்பது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம்: தொட்டியடியில் குடம் வைத்து இடம் பிடிப்போம், குடம் இல்லாதவர் செங்கல் வைப்பார், செங்கல் கிடைக்காதவர் ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டுப் போவார், பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவோம், கல்யாணப் பந்தியில் நாற்காலி மேல் கைக்குட்டையை விரித்துவிட்டுக் கை கழுவப் போவோம். யாருடைய பொருள் கிடக்கிறதோ அவர் அங்கே இருக்கிறார் என்று அர்த்தம். அடுத்தவர் செங்கல்லை நகர்த்துவது அடுத்தவரைக் கீழே தள்ளுவதற்குச் சமம். கொலைகாரனைக்கூட மன்னித்துவிடுவோம், துண்டை எடுத்துப் போட்டவனை மன்னிக்க மாட்டோம்.

நிழலை ஒட்டவைத்தவர் பால்வண்ணன். பாலிடெக்னிக் அலுவலகத்தில் கண்காணிப்பாளர், பிள்ளைகள் இல்லை, அவரும் மனைவி உலகம்மாளும் மட்டும்தான் வீட்டில். நாற்பது தாண்டிய வயதில் அவருக்குக் காமிராப் பைத்தியம் பிடித்தது. முதலில் செம்பருத்தியை எடுத்தார், பிறகு செம்பருத்தி மேல் எறும்பை எடுத்தார், பிறகு எறும்பின் மீசையை எடுத்தார், அதற்குமேல் சிறியதாக எதுவும் கிடைக்காமல் மனிதர்களிடம் வந்து சேர்ந்தார். யூடியூபில் தாடி வைத்த யாரோ ஒருவர், காமிராவின் தலையில் மாட்டிய ஃபிளாஷ் முகத்தை ரேஷன் கார்டு படம் போலச் சப்பையாக்கிவிடும், அதைக் கழற்று, தள்ளி வை, பக்கத்திலிருந்து அடி, அப்போதுதான் மூக்குக்கு மூக்கும் கன்னத்துக்குக் கன்னமும் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட நாளிலிருந்து மனிதர் தரையில் நடக்கவில்லை. காமிராவின் தலையில் தீப்பெட்டி அளவு டிரிக்கர் ஒன்றை மாட்டினார், அது கட்டளையிட்டால் எட்ட நிற்கிற ஃபிளாஷ் பளிச்சென்று வெட்டும். ஃபிளாஷை வைக்க ஒரு ஸ்டாண்டும், வெளிச்சத்தை மெத்தென்று விழவைக்க ஒரு வெள்ளைக் குடையும் வந்தன. முதல் நாளே கரிசல் காற்று ஸ்டாண்டையும் குடையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய் உடைமரத்தில் மாட்டிவிட்டது.

“ஸ்டாண்டு எதுக்குவே, எனக்குத்தான் பொண்டாட்டி இருக்காளே” என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரித்தாராம். அன்றிலிருந்து உலகம்மாள்தான் ஸ்டாண்டு.

உலகு நர்ஸ் படிப்பு படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். கல்யாணத்துக்குப் பிறகு வேலை போய், படிப்பு மட்டும் மிச்சமிருந்தது, அதை வைத்துக்கொண்டு தெருவில் உள்ளவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்துச் சொல்வாள். இப்போது அவள் சாயங்காலமானால் கையை உயரத் தூக்கிக்கொண்டு நின்றாள். மேலே, இன்னும் மேலே, இடப்பக்கம், சாய்க்காதே, ஆட்டாதே என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார், அவள் மேலே, இன்னும் மேலே, இடப்பக்கம் என்று போய்க்கொண்டே இருப்பாள். அவரைக் கொடுமைக்காரர் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் குரலை உயர்த்தி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருக்கு இந்தப் பூமியில் இருந்ததெல்லாம் வெளிச்சம் விழுகிற இடம் ஒன்றுதான், வெளிச்சம் வருகிற இடத்தை அவர் திரும்பிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான் விஷயம்.

ஒரு தடவை வெட்டிய ஃபிளாஷ் மறுபடி மூச்சுப் பிடிக்கச் சில நொடிகள் எடுக்கும், பேட்டரி பழசென்றால் கொஞ்சம் கூடுதலாகவே எடுக்கும். அந்த நேரத்தில் மட்டும்தான் பால்வண்ணன் கண்ணைக் காமிராவை விட்டு எடுப்பார். உலகு தன் வாழ்க்கையில் பேசவேண்டியதையெல்லாம் அந்த இடைவெளிக்குள் பேசக் கற்றுக்கொண்டாள்.

“மலையில அரசாங்க ஆஸ்பத்திரியில நர்ஸு வேலைக்கு எம் பேரு வந்திருக்காம். நேத்து போன் வந்துச்சு” என்பாள்.

“பாப்போம்.”

“பாப்போம்னா என்ன அர்த்தம்? போகட்டுமா, வேண்டாமா?”

ஃபிளாஷின் பின்பக்கத்தில் சின்ன விளக்கு எரியும். “ரெடி. கையக் கொஞ்சம் மேல தூக்கு” என்பார் அவர்.

இப்படித்தான் பல மாதங்கள் போயின.

அண்ணாச்சியின் நிழல் ஒட்டிய சாயங்காலமும் அப்படி ஒரு சாயங்காலம்தான். சேர்மத்துரை அண்ணாச்சி பாத்திரக்கடைக்காரர், நகர்ச் சங்கத்தின் செயலாளர், ஆண்டுக்கூட்ட நோட்டீஸில் போட அவருக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. தொட்டியைக் கட்டியது தன் காலத்தில்தான் என்று ஊருக்குத் தெரியவேண்டும் என்பதற்காகத் தொட்டிச் சுவரை ஒட்டி நின்றார்.

“தாடைய எறக்குங்க அண்ணாச்சி.”

“எறக்குனா கழுத்து மடிப்பு தெரியும்லா. நீ சும்மா எடுவே.”

உலகு பக்கத்திலிருந்து ஃபிளாஷைத் தூக்கிப் பிடித்தாள். பளிச்சென்று வெட்டியது. அண்ணாச்சி வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு கடையைப் பார்க்கப் போனார், அவருடைய நிழல் போகவில்லை. தொப்பையும் தோளும், மடித்துக் கட்டிய வேட்டி நுனியும், காதில் இருந்த இரண்டு முடியும்கூட அச்சாகச் சுவரில் நின்றன. பால்வண்ணன் கண்ணை இடுக்கிப் பார்த்தார். “ஓரமெல்லாம் கத்தி மாதிரி விழுந்திருக்கு, குடை இருந்திருந்தா மெத்துனு விழுந்திருக்கும்” என்று வருத்தப்பட்டுவிட்டுப் பையைக் கட்டினார். உலகு மட்டும் போய் அந்த நிழலைத் தொட்டுப் பார்த்தாள். தண்ணீர்ப் பானையின் வெளிப்பக்கம் போலச் சில்லென்று இருந்தது என்று, தன்னிடம் ரத்த அழுத்தம் பார்க்க வருகிற ரெஜினா டீச்சரிடம் பிற்பாடு சொன்னாளாம்.

மறுநாள் காலையில் வழக்கம்போல் அண்ணாச்சி தாமதமாக வந்து, வழக்கம்போல் முன்னால் நுழையப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் சண்டை வரும். அன்றைக்கு முன்வரிசையில் நின்ற பெண்கள் சுவரைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், குடத்தை ஒதுக்கி வழிவிட்டார்கள். “நீங்க நேத்து சாயங்காலத்துலேருந்து நிக்கியள்லா அண்ணாச்சி. முன்னால வாங்க.” யாரும் சிரிக்கவில்லை. செங்கல்லுக்கு மரியாதை உண்டென்றால் நிழலுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்!

அதற்குப் பிறகு பால்வண்ணன் வீட்டு வாசலில் கூட்டம் தாங்கவில்லை. எல்லோருக்கும் தொட்டிச் சுவரில் நிழல் வேண்டும், கையில் குடத்தோடு வேண்டும், பெரிய குடத்தோடு வேண்டும். சங்கம் கூடி விதிகள் போட்டது: ஒரு வீட்டுக்கு ஒரு நிழல், நிழலின் கையில் எத்தனை குடமோ அத்தனை குடம்தான் தண்ணீர், மாமியாரின் நிழலில் மருமகள் வந்து நிற்கலாம், மருமகளின் நிழலில் மாமியார் வந்து நிற்கக் கூடாது. இந்தக் கடைசி விதிக்காக இரண்டு கூட்டம் சண்டை நடந்தது. சுவர் நிறைந்ததும் ரேஷன் கடைச் சுவருக்குப் போனார்கள், அது நிறைந்ததும் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் முதல் பந்திக்கு நிழல் போட்டார்கள், பள்ளிக்கூடத்து மதிலில் இன்னும் பிறக்காத குழந்தைக்காக ஒரு கர்ப்பிணி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்று நிழல் போட்டுவிட்டுப் போனாள். சுண்ணாம்பு அடித்துப் பார்த்தார்கள், நிழல் சுண்ணாம்புக்கு மேலே ஏறி வந்து நின்றது. புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பம் விடிகாலையிலிருந்து உடம்போடு, உயிரோடு வரிசையில் நின்றது, “இது ஆளு நிக்கிற இடம்” என்று சுவரைக் காட்டி அவர்களைப் பின்னால் அனுப்பினோம். அவர்கள் அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள்.

இதில் பால்வண்ணனுக்குத்தான் ஏமாற்றம். அவர் எடுத்த படங்களை யாரும் கேட்கவேயில்லை. பளிச்சென்று வெட்டியதும், நிழல் ஒட்டிவிட்டதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, காமிரா பக்கம் முகத்தைக்கூடக் காட்டாமல் போனார்கள். அவர் பாடுபட்டுக் கற்றுக்கொண்டதெல்லாம் வெளிச்சத்தை மெத்தென்று ஆக்குகிற வித்தை. புதுக் குடையை மாட்டி எடுத்தால் நிழல் கரைந்து மங்கலாக ஒட்டியது, “எம் மூக்கு எங்கவே? நாளைக்கு எவனாவது இது என் நெழல்னு சொன்னா நான் என்ன செய்ய?” என்று சண்டைக்கு வந்தார்கள். குடை மூலைக்குப் போனது. பேஸ்புக்கில் இருக்கிற புகைப்படக் குழுவில் ஒவ்வொரு படத்தையும் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். ‘அருமை தோழர்’ என்று யாராவது ஒருவர் எழுதுவார். ஊரே அவரைத் தேடி வந்தது, ஆனால் அவர் தேடுகிற ஒரு சொல் மட்டும் வரவில்லை. மனிதரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

பிறகு நிழல்கள் வீடுகளுக்குள் வந்தன. துபாய்க்கும் சென்னைக்கும் வேலைக்குப் போகிற பிள்ளைகளைப் பெற்றவர்கள், போகிற அன்று முன்னறைச் சுவரில் நிறுத்தி நிழல் போட்டுக்கொண்டார்கள். நிழலுக்கு முன்னால் காபி வைத்தார்கள். வாசலில் யாராவது வந்து பிள்ளை இருக்கிறானா என்று கேட்டால் ‘இருக்கான்’ என்றுதான் சொல்லவேண்டும், இல்லை என்று சொல்வது இடத்தை விட்டுக்கொடுப்பதாகும் என்று தானாகவே ஒரு வழக்கம் உண்டாயிற்று. முதலில் எல்லோருக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. போன பிள்ளைகளுக்கு அது இன்னும் பெரிய ஆறுதலாக இருந்தது என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. தினமும் வந்த போன் வாரத்துக்கு ஒன்றாகி, தீபாவளிக்கு ஒன்றாகி, பிறகு நின்றது. ரெஜினா டீச்சரின் கணவர் இறந்தபோது குவைத்தில் இருந்த மகன் ஜெபசிங் வரவில்லை.

“நான் ஹால்லதான நிக்கேன் அம்மா. அப்பா தலைமாட்டுலதான் நிக்கேன்” என்றான் போனில்.

அது உண்மைதான். நிழல் நின்ற சுவருக்குக் கீழேதான் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். ஜெபம் முடிகிறவரை அது அசையாமல் நின்றது. “பெத்த புள்ளைன்னா இப்படி இருக்கணும், தேத்தண்ணி குடிக்கக்கூட வெளிய போகலையே” என்று அண்ணாச்சி சொன்னார், சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். டீச்சர் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய கையைப் பிடித்து ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த உலகுவும் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அழுதுகொண்டிருந்தாள், உலகு அழவில்லை, எதையோ கணக்குப் போடுகிறவள் போலப் பார்த்தாள்.

ஊரில் இருக்கிற எல்லாச் சுவரிலும் யார் யாரோ நின்றார்கள், உலகுவின் நிழல் மட்டும் எங்கேயும் இல்லை. எப்படி இருக்கும்? அவள்தான் வெளிச்சம் பிடிக்கிறவள். தண்ணீர் வரும் நாளில் நிழல் உள்ளவர்களெல்லாம் ஆடி அசைந்து வந்து பிடித்துக்கொண்டு போனபிறகு, ஊருக்கே இடம் வாங்கிக் கொடுத்த வீட்டுக்காரி, வரிசையின் வாலில் ஒற்றைக் குடத்தோடு நிற்பாள். பல நாள் அவள் முறை வருவதற்குள் தொட்டி காலியாகிவிடும்.

“எல்லாருக்கும் இடம் புடிச்சுக் குடுக்கீங்க. எனக்கு எங்க இருக்கு இடம்?” என்று கேட்டாள், ஃபிளாஷ் மூச்சுப் பிடிக்கிற நேரத்தில்.

“ஒனக்கென்ன, வீடே ஒன்னோடதுதான.”

“மலையிலேர்ந்து மறுபடியும் போன் வந்துச்சு. இந்த மாசத்துக்குள்ள வந்து சேரலைன்னா வேற ஆளப் போட்டுருவாவளாம். இன்னொரு தடவ இது வராது. நான் வெளையாட்டுக்குச் சொல்லல.”

அவர் அவளைப் பார்த்தார். உண்மையிலேயே பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன், ஏதோ சொல்ல வாயெடுத்தார் என்றும் அன்றைக்கு நிழலுக்காக நின்றவர் பிறகு சொன்னார். அதற்குள் விளக்கு எரிந்துவிட்டது. “ரெடி. கைய ஆட்டாத” என்றார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலையில், அவர் அலுவலகம் கிளம்புகிற நேரத்தில், உலகு அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள். “என்னைய ஒரு படம் எடுங்க. இங்கயே, அடுக்களையில.”

பால்வண்ணனுக்குக் கை கால் ஓடவில்லை. அவளாக இதுவரை ஒரு படம் கேட்டதில்லை. ஜன்னலைச் சாத்தினார், அலமாரியில் கண்ணைக் குத்துகிற எவர்சில்வர் டப்பாக்களை அகற்றினார், காமிராவின் அளவுகளைத் திருகித் திருகிப் பார்த்தார். “வெளிச்சத்த யாரு புடிக்க?” என்று திகைத்து நின்றார்.

“நானே புடிச்சுக்கிடுதேன்” என்றாள்.

இடது கையில் ஃபிளாஷை வாங்கி, கையைப் பக்கவாட்டில் முழுக்க நீட்டி, அதன் வாயைத் தன் முகத்துக்கே திருப்பிப் பிடித்தாள். எவ்வளவு உயரம், எவ்வளவு சாய்வு என்று அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரே தடவைதான் வெட்டியது. அவர் உடனே படத்தைத் திறந்து, இந்தக் கலை தெரிந்தவர்கள் எல்லோரும் செய்வதைப் போல, கண் கூர்மையாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க, கண்ணை மட்டும் திரை நிறையப் பெரிதாக்கினார். கருவிழிக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி, யூடியூப் தாடிக்காரர் சொன்ன அதே இடத்தில், அதே அளவில் உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷமாக அவர் எடுக்கப் பார்த்த படம் அதுதான்.

“ஏளா உலகு, கண்ணுக்குள்ள வெளிச்சம் உழுந்திருக்கு பாரு! இங்க வந்து பாரு!”

“நீங்க பாத்தீங்கல்லா, போதும்” என்றாள் அவள்.

அவர் காமிராவையும் தூக்கிக்கொண்டு அலுவலகம் போனார். அன்று முழுக்க அந்தக் கண்ணையே எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் வந்தபோது சோறும் குழம்பும் மூடியிருந்தன, ஃபிளாஷின் பேட்டரிகள் கழற்றப்பட்டு சார்ஜரில் வரிசையாகக் கிடந்தன. மிக்ஸிக்கு மேலே சுவரில் உலகுவின் நிழல் நின்றது. உலகு இல்லை. அந்த நிழலுக்கு ஒரு கைதான் இருந்தது. அவருக்கு அது ஆச்சரியமாக இல்லை: விளக்கைப் பிடித்து நேராக நீட்டிய கை உடம்பின் நிழலுக்குள்ளேயே விழுந்து மறைந்திருக்கும், சின்னக் கணக்குத்தான் அது.

கோயிலுக்குப் போயிருப்பாள் என்று காத்திருந்தார். டீச்சர் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று காத்திருந்தார். மறுநாள் காலையில் சங்கத்துக்கு ஓடினார்.

“அண்ணாச்சி, உலகுவக் காணல.”

அண்ணாச்சி அவர் கூடவே வந்து அடுக்களையில் நின்று நிதானமாகப் பார்த்தார். “காணலைங்கிறியே, இந்தா நிக்காள்லா?”

“இது நெழலு அண்ணாச்சி.”

“அப்ப தொட்டிச் செவத்துல நிக்கிறது யாருவே? நானா, வேற எவனுமா?” அண்ணாச்சிக்குக் கோபமே வந்துவிட்டது. “இன்னைக்கு ஒம் பொண்டாட்டி நெழலுக்கு ஆளில்லைன்னு நீ சொல்லுவ, நாளைக்கு என் நெழலுக்கு ஆளில்லைன்னு எவனாவது சொல்லுவான். ஊரு தாங்குமா? வாயக் கழுவுவே.”

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டு வந்தார். அவருக்கும் ரேஷன் கடைச் சுவரில் நிழல் உண்டு. அடுக்களையைப் பார்த்தார், குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். “ஆள் வீட்டுலதான சார் இருக்காங்க. புகார்னு என்னத்த எழுத?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். துக்கம் விசாரிக்கக்கூட யாரும் வரவில்லை. மனைவி வீட்டில் இருக்கிறவனிடம் என்ன துக்கத்தை விசாரிப்பது?

அன்றைக்குத்தான் பால்வண்ணன் காமிராவைத் திறந்து, அந்தக் கண்ணிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகி, முழுப் படத்தையும் முதல் தடவையாகப் பார்த்தார். முகம் தெரிந்தது, தோள் தெரிந்தது, தோளில் பையின் வார் தெரிந்தது. சேலை அடுக்களைச் சேலை இல்லை. இன்னும் கீழே வந்தார். உலகுவின் காலில் செருப்பு இருந்தது. அடுக்களைக்குள், அரிசிப் பானைக்குப் பக்கத்தில், செருப்புக் காலோடு நின்று அவள் காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் செருப்புப் போட்டுக்கொண்டு வாசற்படியைத் தாண்டி வீட்டுக்குள் வந்த பெண்ணைக்கூட யாரும் பார்த்ததில்லை. அவருக்கு எதிரே, நாலடி தூரத்தில், நல்ல வெளிச்சத்தில், அவர் மட்டும் பார்க்கும்படிக் கால் வரை காட்டி நின்றிருக்கிறாள். ‘எங்கே கிளம்பிவிட்டாய்’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கட்டும் என்றுதான் நின்றாளோ என்னவோ!

அதற்குப் பிறகு நிழல்கள் ஒட்டவில்லை. உடைமரத்தில் மாட்டி உடைந்த ஸ்டாண்டை ஒட்டுப்போட்டு நிறுத்தி வெட்டிப் பார்த்தார், நிழல் விழுந்தது, வெட்டு முடிந்ததும் சாதாரண நிழல்களைப் போலவே போய்விட்டது. பேட்டரி சரியில்லை என்றார்கள், புதுப் பேட்டரி வந்தது. சுவரில் ஈரம் என்றார்கள், வேறு சுவரில் பார்த்தார்கள். அண்ணாச்சி பிடித்துப் பார்த்தார், அண்ணாச்சி மனைவி பிடித்துப் பார்த்தாள், பிள்ளையார் கோயில் ஐயர் பிடித்துப் பார்த்தார். வெளிச்சம் வந்தது, போனது. எல்லோரும் ஃபிளாஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களே தவிர, அதை இத்தனை நாளும் பிடித்திருந்த கை எது என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. பால்வண்ணனுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அவர் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் ஊர் நிழலுக்காகத்தான் அவளைத் தேடிக்கொண்டு போகும், தனக்காகப் போகாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அவள் போன மலை எந்த மலை என்று அவருக்கு நினைவில்லை. எத்தனையோ சாயங்காலம் அவள் சொன்ன பெயர். ரெஜினா டீச்சரிடம் போய்க் கேட்டார். டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஊர்ப் பெயரையும் போன் நம்பரையும் சொன்னாள்.

“சொல்லுங்க” என்றாள் உலகு போனில். பின்னால் குழந்தைகள் அழுகிற சத்தம் கேட்டது. “அடுத்த ஆளு உள்ள வாறதுக்குள்ள சொல்லுங்க.”

பால்வண்ணனுக்கு அவ்வளவு கொஞ்ச நேரத்துக்குள் பேசிப் பழக்கமில்லை. படத்தைப் பற்றிச் சொல்லலாமா, செருப்பைப் பார்த்துவிட்டதைச் சொல்லலாமா, மன்னிப்புக் கேட்கலாமா என்று தடுமாறி, கடைசியில், “எப்ப வருவ?” என்று கேட்டார்.

“நான் எங்க போனேன்? அடுக்களையிலதான நிக்கேன்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. “வாங்கம்மா, உக்காருங்க. கைய நீட்டுங்க. ஆட்டாதீங்க” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. போன் நின்றது.

அடுத்த தண்ணீர் நாளில் பால்வண்ணன் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தார். தொட்டிச் சுவர் முழுக்க அவர் ஒட்டிய நிழல்கள் நின்றன, அவற்றில் அவருடையது இல்லை. காமிராவுக்குப் பின்னால் நின்றவருக்கு எந்தச் சுவரில் இடம் இருக்கும்? வரிசையின் வாலில், உலகு நிற்கிற இடத்தில் போய் நின்றார். அண்ணாச்சி உட்பட எல்லோரும் அவரைத் தாண்டித்தான் நிறைகுடத்தோடு போனார்கள். அவருக்கு முன்னால் ஒருவர் இருக்கும்போதே தொட்டி காற்றை விட்டுக் கொப்பளித்து நின்றது. காலிக் குடத்தோடு திரும்பி வந்தார்.

வாசலில் ரெஜினா டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து அவளுக்குத் தலைசுற்றல். பழக்க தோஷத்தில் இந்த வீட்டுக்கு வந்துவிட்டாள், உலகு இங்கே இல்லை என்பது வந்த பிறகுதான் அவளுக்கே நினைவு வந்திருக்கும். ஆனாலும் வாசலுக்கு வந்துவிட்டால் கேட்கிறதைக் கேட்டுத்தானே ஆகவேண்டும்.

“உலகு இருக்காளா?”

பால்வண்ணன் குடத்தை இறக்கி வைத்தார். டீச்சர் ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, ரத்த அழுத்தம் பார்க்க நீட்டுவது போலவே கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். எதிர்த்த வீட்டு வாசல்களிலெல்லாம் ஆட்கள் நின்றார்கள், அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தார்கள்.

“இருக்கா டீச்சர். உள்ளதான் நிக்கா” என்றார்.

டீச்சர் இன்னும் கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே நின்றாள். பிறகு ரவிக்கைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.